ஆங்கிலேயர் பெயருக்குள் ஒரு கடைத்தெரு

வருமான வரிக்கான நிரந்தரக் கணக்கு எண்ணோ, கடவுச்சீட்டோ, ஏற்றுமதிக்கான பதிவோ, எதற்கு விண்ணப்பம் எழுதினாலும் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் நம்மை முறைத்துப் பார்க்கிறது. நமக்குத் தெரிந்ததெல்லாம் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும் நம் பெயரும்தான். சிலர் அந்தக் கட்டத்தில் தகப்பனார் பெயரை முழுவதுமாக எழுதுகிறோம். சிலர் ஊர்ப் பெயரை எழுதுகிறோம். பிறகு வங்கிக் கணக்கில் ஒரு பெயர், ஜி.எஸ்.டி. பதிவில் ஒரு பெயர், கடை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பெயர் என்று ஆகிவிட, மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரி வக்கீலைத் தேடி அலைகிறோம்.

இந்தக் கட்டம் ஆங்கிலேயர் வழக்கத்திலிருந்து நமக்கு வந்தது. அவர்களுக்கு மட்டும் ஸ்மித், டெய்லர், குக் என்று குடும்பப் பெயர் எங்கிருந்து முளைத்தது? இதைத் தேடிப் படித்தபோது நாம் கண்டது நமக்கு மிகவும் பழக்கமான இடம்: கடைத்தெரு. அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால் வரிக் கணக்கரும் நிற்கிறார்!

வரிக்காரர் எழுதிய பெயர்

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயருக்கும் ஒற்றைப் பெயர்தான். எட்வர்ட் என்றால் எட்வர்ட், அவ்வளவே. (இந்தப் பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் 'செல்வத்தைக் காப்பவர்' என்று பொருள். கல்லாவில் உட்கார வைக்க இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?) 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். ஆண்டவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது எங்கும் உள்ள வழக்கம்தானே! வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் ஆகிய பெயர்கள் பரவின. தேவாலயத்தின் வழியே ஜான், தாமஸ் பரவின. 14ஆம் நூற்றாண்டில் ஆண்களில் பெரும்பாலோர் இந்த ஐந்து பெயர்களுக்குள் அடங்கிவிட்டார்கள்.

ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் கடன் நோட்டில் எப்படி எழுதுவது? நாம் என்ன செய்வோமோ அதைத்தான் அவர்களும் செய்தார்கள். கொல்லர் ஜான், ஓடையோரத்து ஜான், ராபர்ட் மகன் ஜான், குட்டை ஜான். இவையே பிற்காலத்தில் ஸ்மித், புரூக், ராபர்ட்சன், ஷார்ட் என்ற குடும்பப் பெயர்களாயின. தொழில், இடம், தகப்பன், பட்டப்பெயர் ஆகிய இந்த நான்கு வாசல்கள் வழியாகத்தான் ஏறக்குறைய எல்லா ஆங்கிலக் குடும்பப் பெயர்களும் உள்ளே வந்தன.

ஆனால் கொல்லரின் மகன் தச்சரானால் பெயரும் மாற வேண்டும் அல்லவா? ஆரம்பத்தில் மாறிக்கொண்டுதான் இருந்தது. பெயரை ஆணியடித்து நிறுத்தியதில் எழுத்தருக்குப் பெரும் பங்கு உண்டு. நிலப் பத்திரம், நீதிமன்றப் பதிவு, எல்லாவற்றுக்கும் மேலாக வரிப் பட்டியல். 1377-ல் இங்கிலாந்தில் தலைவரி போட்டார்கள், தலைக்கு 4 பென்ஸ். நான்கே ஆண்டுகளில் இப்படி மூன்று முறை வசூல் நடந்தது. ஒவ்வொரு முறையும் எழுத்தர் ஊர் ஊராகப் பெயர் எழுதினார். போன தடவை எழுதிய பெயரும் இந்தத் தடவை சொல்லும் பெயரும் ஒன்றாக இருந்தால்தானே கணக்கு நேராகும்? 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பரம்பரைப் பெயர் நிலைத்துவிட்டது. 1538-ல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு தேவாலயமும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தபின், தப்பித்திருந்தவர்களும் ஏட்டில் ஏறினார்கள்.

மூன்றாம் தலைவரியை மக்கள் பொறுக்கவில்லை. 1381-ல் பெரும் கலகம் வெடித்தது. லண்டன் வரை படை திரட்டிச் சென்ற தலைவரின் பெயர் வாட் டைலர். வாட் என்பது வால்டரின் செல்லப் பெயர். டைலர் என்றால் ஓடு வேய்பவர். பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்திலேயே அவர் வெட்டப்பட்டார்.

இன்னொரு பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஃபார்மர் என்ற குடும்பப் பெயரைப் பார்த்தால் விவசாயி என்று எண்ணத் தோன்றும். அப்படியல்ல. அரசுக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கட்டிவிட்டு, ஊரில் வரியை வசூல் செய்துகொள்ளும் குத்தகைதாரருக்குத்தான் அன்று அந்தப் பெயர். எவ்வளவு வசூலித்தார், எவ்வளவு கட்டினார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மிளகுக்காரரும் மளிகைக்காரரும்

நம் தொழிலுக்கு வருவோம். வியாபாரி என்பதற்குப் பழைய ஆங்கிலச் சொல் 'சேப்மன்'. அதில் உள்ள முதல் பகுதிக்குக் கொடுக்கல் வாங்கல், பேரம் என்று பொருள். மலிவு என்பதைக் குறிக்கும் 'சீப்' என்ற இன்றைய ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்ததுதான். லண்டனின் பழைய சந்தைத் தெருவுக்கு இன்றும் சீப்சைட் என்று பெயர். அதை ஒட்டி ரொட்டித் தெருவும் பால் தெருவும் இருக்கின்றன. அந்தச் சேப்மன்தான் இன்று சாப்மன் என்ற குடும்பப் பெயராக நிற்கிறார்.

பட்டும் உயர்ந்த துணியும் விற்றவர் மெர்சர். கம்பளித் துணி விற்றவர் டிரேப்பர். உப்புக்காரர் சால்ட்டர். மெழுகுவத்திக்காரர் சாண்ட்லர். மசாலாச் சரக்கும் மருந்துச் சரக்கும் விற்றவர் ஸ்பைசர். மிளகு விற்றவர் பெப்பர். ஆம், மிளகுக்கென்றே ஒரு குடும்பப் பெயர் உண்டு!

லண்டனில் மிளகு வணிகர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. 1180-லேயே அது அரசு ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டது. அவர்கள் கையாண்ட மிளகு நம் மேற்குக் கரையில் விளைந்து, அரபு வணிகர் கை, எகிப்து, வெனிஸ் என்று பல கைமாறி அங்கே போய்ச் சேர்ந்த சரக்கு. சொல்லும் கூடவே போயிற்று. திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லே கிரேக்கம், லத்தீன் வழியாகப் பயணம் செய்து 'பெப்பர்' ஆனது. நம் பக்கத்துச் சரக்கின் பெயரை அங்கே ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துகொண்டிருக்கிறது.

அந்த மிளகுச் சங்கத்தின் வழி வந்ததுதான் லண்டன் கிரோசர்ஸ் கம்பெனி. 1345-ல் சங்கமாகக் கூடி, 1428-ல் அரச சாசனம் பெற்றார்கள். மளிகைக்காரரைக் குறிக்கும் கிரோசர் என்ற சொல்லுக்கு மூலப் பொருள் மொத்த வியாபாரி. 'குரோஸ்' கணக்கில், அதாவது மொத்தமாக, வாங்கி விற்பவர். சில்லறைக்கு அந்தப் பெயர் பிற்பாடு இறங்கி வந்தது. நகரின் பெரிய தராசு இவர்கள் பொறுப்பில் இருந்தது. மசாலாச் சரக்கில் கல், காம்பு, தூசி கலந்திருக்கிறதா என்று சலித்துப் பார்க்கும் அதிகாரமும் இவர்களுக்கு உண்டு. சலிப்பது என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த 'கார்பிள்' என்பதே அந்த வேலையின் பெயர். தரக் கட்டுப்பாட்டை வியாபாரிகளின் சங்கமே ஏற்று நடத்தியது என்பது நம் கவனத்துக்கு உரியது. அப்படி இருந்தும் கிரோசர் என்ற குடும்பப் பெயர் மிக அபூர்வம். அந்தச் சொல் பரவிய காலத்தில் ஸ்பைசரும் பெப்பரும் ஏற்கெனவே குடும்பப் பெயராகிவிட்டதுதான் காரணம் என்பது நம் கருத்து.

பெண்கள் செய்த தொழிலும் பெயரில் பதிந்திருக்கிறது. பேக்கர் ரொட்டி சுடுபவர். அதற்குப் பெண்பால் வடிவம் பாக்ஸ்டர். அப்படியே துணி நெய்பவள் வெப்ஸ்டர், மது காய்ச்சுபவள் புரூஸ்டர். பின்னர் இந்த வேறுபாடு மறைந்து ஆண்களுக்கும் அதே பெயர் வழங்கியது.

ஒரே சரக்குக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பது போல, ஒரே வேலைக்கும் ஊருக்கு ஒரு பெயர். நெய்த கம்பளியைத் தண்ணீரில் மிதித்துத் தடிப்பாக்குபவர் வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். ஒருவர் பெயரைக் கேட்டே அவர் முன்னோர் எந்தத் திசைக்காரர் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஸ்பென்சர் என்ற பெயரை நம்மில் அறியாதவர் இல்லை. 1863-ல் சென்னையில் தொடங்கிய கடை. அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசாவாக அந்தப் பெயர் நிற்கிறது. பெரிய பிரபு வீட்டில் அரிசி பருப்பை அளந்து கொடுக்கும் உக்கிராணக்காரருக்குத்தான் அன்று ஸ்பென்சர் என்று பெயர். கடைக்கு இதைவிட நல்ல பெயர் தேடினாலும் கிடைக்காது.

தொழில் போனாலும் பெயர் போகவில்லை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1400-ல் காலமான புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் சாசர். அந்தப் பெயருக்குக் காலுறை, காலணி செய்பவர் என்று பொருள். அவருடைய தகப்பனாரோ லண்டனில் ஒயின் வியாபாரி. கவிஞர் சம்பளத்துக்குப் பார்த்தது துறைமுகத்தில் கம்பளிக்குச் சுங்கம் கணக்கிடும் உத்தியோகம்.

மார்கரெட் தாட்சரைச் சொல்லாமல் விட்டால் நம் சங்கத்தார் கோபித்துக்கொள்வார்கள். 1979 முதல் 1990 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த அவர் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகள். கிரான்தம் என்ற ஊரில் கடைக்கு மேல் மாடியில் வளர்ந்தவர். தகப்பனார் ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ். தாட்சர் என்பது கணவர் வழி வந்த பெயர். பொருள், கூரை வேய்பவர்.

தகப்பன் பெயரால் வந்தவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். நாம் சுப்பிரமணியனைச் சுப்பு என்றும் மணி என்றும் அழைப்பது போல அவர்கள் ரிச்சர்டை ரிக், ஹிக், டிக் என்றும், ராபர்ட்டை ராப், ஹாப், டாப் என்றும் அழைத்தார்கள். அதிலிருந்து டிக்சன், ஹிக்ஸ், ராப்சன், ஹாப்சன், டாப்சன் எல்லாம் கிளம்பின. கேம்பிரிட்ஜில் குதிரை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன், வாசலுக்கு அருகில் நிற்கும் குதிரையை எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்பாராம். அதனால் வேறு வழியில்லாத நிலைக்கு 'ஹாப்சன் சாய்ஸ்' என்று பெயர் வந்தது. வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசியும் கடை நடந்திருக்கிறது! வேல்ஸ் நாட்டில் மகன் என்பதற்கு 'ஆப்'. ஆப் ஹாரி என்பதைச் சேர்த்துச் சொன்னால் பாரி. 1788-ல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி அந்த வேல்ஸ்காரர்தான். நம் மொத்த வியாபாரிகள் தினமும் மிதிக்கும் பாரிமுனை, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பெயரால் வந்ததல்ல, ஹாரி மகன் பெயரால் வந்தது.

நம் அலமாரியில் நிற்பவர்கள்

இனி நம் கடை அலமாரியைப் பாருங்கள். குழந்தைகளுக்கான உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்த மருந்து. உட்வர்ட் என்றால் காட்டைக் காவல் காப்பவர், வனக் காவலர்.

புரூக் பாண்ட் தேயிலையில் புரூக் உண்மையான ஆள். 1869-ல் மான்செஸ்டரில் கடை திறந்த ஆர்தர் புரூக். ஓடையோரத்தில் குடியிருந்தவர் என்பது அவர் பெயரின் பொருள். பாண்ட் யார்? அப்படி ஒரு கூட்டாளியே கிடையாது! கேட்க நன்றாக இருக்கிறது என்று புரூக் தாமே ஒட்டவைத்த பெயர் அது. குடும்பப் பெயராகப் பாண்ட் என்பதற்குக் குடியானவர் என்று பொருள். திரைப்படத்தில் துப்பாக்கியோடு வரும் ஜேம்ஸ் பாண்டும் பெயரளவில் குடியானவரே.

ஹிந்துஸ்தான் லீவர் என்று நெடுங்காலம் வழங்கி, 2007-ல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஆன கம்பெனியின் மூலவர் வில்லியம் லீவர், போல்டன் ஊர் மொத்த மளிகை வியாபாரியின் மகன். அந்த ஊரை ஒட்டியே லீவர் என்று இடம் உண்டு. கோரை விளையும் நிலம் என்று அதற்குப் பொருள்.

கெல்லாக் என்ற பெயரைப் பிரித்தால் 'பன்றியைக் கொல்' என்று வரும். கசாப்புக்காரருக்கு வைத்த பட்டப்பெயர். அந்தப் பெயரோடு அமெரிக்காவில் பிறந்த டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் தீவிர சைவ உணவுக்காரர். அவரும் தம்பியும் சேர்ந்து உருவாக்கியதுதான் சோள அவல். தம்பி 1906-ல் அதற்குத் தனிக் கம்பெனி தொடங்கினார்.

கேட்பரி ஓர் ஊர்ப் பெயர். கேடா என்பவரின் கோட்டை. 1824-ல் பர்மிங்காமில் தேயிலை, காபி, கோகோ விற்ற சிறு கடை அது. 2010-ல் அந்தக் கம்பெனி முழுவதும் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விலைபோனது. சாக்லேட்டோடு பெயரும் சேர்ந்தே போனது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இன்று தம் பெயரில் சாக்லேட் விற்க நினைத்தால் வழக்குக்குத் தயாராக வேண்டியதுதான். கடையைக் கைமாற்றும்போது பெயர்ப்பலகையும் சேர்த்தா, சேராமலா என்பதை எழுத்தில் வைக்காமல் பின்னர் பங்காளிகள் மோதிக்கொள்வதை நம் ஊர்களிலும் பார்க்கிறோம்.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் குடும்பப் பெயருக்கு உரிய கேடயச் சின்னம் என்று சட்டம் போட்டு அங்கே சுற்றுலாக் கடைகளில் விற்கிறார்கள். அந்த நாட்டு முறைப்படி சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும்தான் உண்டு. ஒரே பெயர் உள்ள எல்லோருக்கும் கிடையாது. நம் பாஷையில் சொன்னால் எடை குறைந்த சரக்கு. பெயருக்குப் பொருள் சொல்வதிலும் இதே அவசரம் வேண்டாம். கவர்ட் என்ற பெயர் கோழை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் போலவே எழுதப்படும். உண்மையில் அது 'கவ்-ஹெர்ட்', மாடு மேய்ப்பவர்.

டேமர் ஆற்றுக்கு அப்பால்

அலமாரியில் இன்னும் ஒருவர் பாக்கி. பியர்ஸ் சோப்பு. பழத்தின் பெயர் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆண்ட்ரூ பியர்ஸ் என்ற முடிதிருத்துநர் லண்டனில் காய்ச்சி, 1807-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்ணாடி போன்ற சோப்பு அது. பீட்டர் என்ற பெயர் பிரெஞ்சு வழியாகப் 'பியர்ஸ்' என்று இங்கிலாந்துக்கு வந்தது. அவர் பிறந்த ஊர் கார்ன்வால் பகுதியில் உள்ள மீன்பிடி ஊரான மெவகிசி.

கார்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்கு வால் நுனி. டேமர் ஆறு அதன் எல்லை. ஆற்றைத் தாண்டினால் பெயர்களின் ஜாடையே மாறுகிறது. காரணம் அங்கே வழங்கியது ஆங்கிலம் அல்ல. வேல்ஸ் மொழிக்கும் பிரெத்தான் மொழிக்கும் உறவான கார்னிஷ் மொழி. ட்ரே, போல், பென் என்று தொடங்கும் பெயரைக் கொண்டு கார்ன்வால்காரரை அடையாளம் காணலாம் என்ற பழமொழியை ரிச்சர்ட் கேர்யூ என்பவர் 1602-லேயே தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ட்ரே என்றால் பண்ணை, குடியிருப்பு. போல், குளம். பென், தலை அல்லது முனை. ட்ரெமெய்ன் கல் நிற்கும் பண்ணை. போல்கிளேஸ் நீலக் குளம். பென்கெல்லி தோப்பின் முனை. 2020-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ரோஜர் பென்ரோஸ் பெயருக்குப் புல்வெளி முனை என்று பொருள். எல்லாம் இடப் பெயர்கள். ஷினோவெத் என்றால் புது வீடு. நம் ஊரில் புதுவீட்டுக்காரர் என்று சொல்வோமே, அது மாதிரி.

இங்கே குடும்பப் பெயர் நிலைப்பதற்கும் தாமதமானது. குடியிருந்த பண்ணையின் பெயரே ஆளுக்கும் பெயர் என்பதால், பண்ணை மாறினால் பெயரும் மாறும் வழக்கம் மேற்குக் கார்ன்வாலில் வெகுகாலம் இருந்தது. வரி எழுத்தருக்கு எவ்வளவு தலைவலியாக இருந்திருக்கும்!

தொழில் பெயர்களும் உண்டு. டையாக் என்றால் விவசாயி, அசல் விவசாயி. அங்கோவ் என்றால் கொல்லர். அதாவது கார்ன்வாலின் ஸ்மித். 1497-ல் ஸ்காட்லாந்துப் போருக்காக ஏழாம் ஹென்றி மன்னர் வரி போட்டார். எங்கோ வடக்கே நடக்கும் சண்டைக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கார்ன்வால் கொதித்தது. செயின்ட் கெவர்ன் ஊர்க் கொல்லர் மைக்கேல் ஜோசப் ஆயிரக்கணக்கானவர்களை நடத்திக்கொண்டு லண்டன் வாசல் வரை போனார். பிளாக்ஹீத்தில் தோற்று, ஜூன் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அவரை வரலாறு 'ஆன் கோஃப்', அதாவது 'அந்தக் கொல்லர்', என்றே குறிக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய வரிக் கலகத்துக்கு ஓட்டுக்காரர் தலைவர், இதற்குக் கொல்லர்.

இயற்பெயர்களில் ஜேகோ என்பது ஜேம்ஸ். பாஸ்கோ ஈஸ்டர் பண்டிகையை ஒட்டிய பெயர். உலகமெங்கும் பரவிய ஜெனிஃபர் கார்ன்வால் சரக்குதான். ஆர்தர் மன்னர் கதையில் வரும் அரசி குவினிவியரின் பெயருக்குக் கார்னிஷ் வடிவம் அது. பெர்னார்ட் ஷா 1906-ல் தம் நாடகம் ஒன்றின் கதாநாயகிக்கு அதை வைத்தார். அதன் பிறகு வெளியுலகம் எடுத்துக்கொண்டது.

கார்ன்வாலின் செல்வம் வெள்ளீயமும் செம்பும். 1860-களில் செம்பு விலை சரிந்தபோது சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியா, அமெரிக்கா, மெக்சிகோ என்று புறப்பட்டார்கள். ஒரு பகுதியினர் கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். 1880 முதல் அதை நிர்வகித்தது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம். பூமிக்கடியில் மேற்பார்வை கார்ன்வால்காரர்களிடம் இருந்தது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அவர்களுக்குக் கீழே பாறை உடைத்தார்கள். கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கம் 1998-ல் மூடப்பட்டது. கோலார் 2001-ல்.

கடல் கடந்து போனவர்களோடு ட்ரே, போல், பென் போயிற்று. மொழி போகவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே அது ஊரிலேயே அடங்கிவிட்டது. 1549-ல் தேவாலயத்தில் ஆங்கில ஜெப நூலைத் திணித்தபோது கார்ன்வால்காரர்கள் எதிர்த்து எழுந்து, ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். வேல்ஸ் மொழிக்கு 1588-ல் முழு பைபிள் கிடைத்தது. கார்னிஷ் மொழிக்குக் கிடைக்கவில்லை. கோயிலில் ஆங்கிலம், நீதிமன்றத்தில் ஆங்கிலம், பிறகு சந்தையிலும் ஆங்கிலம். விலை பேச உதவாத மொழியைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் என்று பெயர்பெற்றவர் ஒரு மீன் வியாபாரி, டாலி பென்ட்ரீத். மவுசல் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த அம்மையார். 1768-ல் டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற அறிஞர் கார்னிஷ் பேசும் ஆள் உண்டா என்று தேடிக்கொண்டு அங்கே போனார். இந்த மொழியைப் பேச இனி யாருமே இல்லை என்று பந்தயம் கட்டியிருப்பதாக டாலியிடம் சொல்லிச் சீண்டினார். அந்த அம்மாள் இரண்டு மூன்று நிமிடம் கார்னிஷ் மொழியில் அவரை வெளுத்து வாங்கிவிட்டார்! டாலி 1777-ல் காலமானார். 1904-ல் ஹென்றி ஜென்னர் வெளியிட்ட கையேட்டைக் கொண்டு ஆர்வலர்கள் மொழியைத் திரும்பப் படிக்கத் தொடங்கினார்கள். 2002-ல் பிரிட்டிஷ் அரசு அதை அங்கீகரித்தது. கார்ன்வாலில் தெருப் பெயர்ப் பலகைகளில் இப்போது இரண்டு மொழியும் இருக்கிறது.

டாலிக்கு 1860-ல் நினைவுக்கல் நட்டார்கள். டாலி என்பது டாரதியின் சுருக்கம், 'கடவுள் தந்த கொடை'. பென்ட்ரீத் என்பது முழுக்க முழுக்கக் கார்னிஷ். பென் என்றால் முனை, ட்ரெத் என்றால் மணற்கரை.